மிதந்து வந்த துணுக்கு

இல்ல. இதுலயும் இல்ல. புதுசா வெட்டிக் குடுத்த ஸ்லைடு அத்தனையையும் ஒரு கரையிலேர்ந்து மறு கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தாச்சு, அந்தக் கொத்து எங்கேயும் இல்ல. அப்பாடா. மீனாட்சி, தாயே, என் வயித்துல பால வார்த்த. இருடி அங்கயற்கண்ணி, அதுக்குள்ள வார்த்துட்டான்னு சொல்லாத, இன்னும் ஒரு ஸ்லைடு பாக்கி இருக்கு, சாயம் போட்டுக்கிட்டிருக்காங்க, அதுவும் வரட்டும். ஆனா மூச்சு தன்னால இறங்குது, நான் என்ன பண்ண. காலையிலேர்ந்து நெஞ்சுக்குழியில உக்காந்திருந்த கல்லு இப்ப கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருக்கு. நகர்ந்துதான் இருக்கு, எந்திரிக்கல. நேத்து இதே நாற்காலியில, இதே மைக்ராஸ்கோப்புல, ஒரு மனுஷனோட நுரையீரல்லேர்ந்து ஊசி போட்டு எடுத்த சதையைப் பார்த்துட்டு, புற்றுநோய் செல்கள் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான். எம்.டி. முடிச்சும் போதாதுன்னு நுரையீரல் நோய்க்குன்னே தனியா ஃபெலோஷிப் படிக்க மதுரையிலேர்ந்து கோயம்புத்தூர் வந்தவ. எங்க டிபார்ட்மென்ட் ஹெட் வசுந்தரா மேடம் டெல்லி மாநாட்டுக்குக் கிளம்பினப்ப, இந்த வாரம் நீயே பார்த்துக்கோ, உனக்கென்னன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கென்னவா? இப்ப அவங்க விமானத்துல இருக்காங்க, போனை அணைச்சு வெச்சிருக்காங்க. அந்த ஆளு நாலாவது மாடியில பச்சை அங்கி போட்டுக்கிட்டு ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டுப் படுத்திருக்கார். வலது நுரையீரல்ல மேல் பாகத்தை அப்படியே எடுக்கப்போறாங்க. நான் எழுதின ஒரு வரியை நம்பித்தான் எடுக்கப்போறாங்க.

காலையில எதுக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்னு இப்பவும் தெரியல. பல் விளக்கும்போது அந்தப் புத்துச் செல் கொத்து கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. சதை ஒரு பக்கம், அதுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒட்டாம, தனியா, சின்னதா ஒரு கொத்து. சுத்தி வெறும் கண்ணாடி. புத்துன்னா சதைக்குள்ள இடிச்சுத் தள்ளிக்கிட்டு நுழைஞ்சிருக்கணுமே, இது என்ன கல்யாண வீட்டுக்கு வந்துட்டு வாசல்லயே நிக்குதுன்னு தோணுச்சு, வாயில நுரையோட அப்படியே நின்னுட்டேன். ஓடி வந்து பார்த்தா, சதை தெளிவாத் தெரியுறப்ப கொத்து மங்குது, கொத்தைத் தெளிவாக்கினா சதை மங்குது. ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல. எங்கிருந்தோ வந்து மேல விழுந்திருக்கு. விழும், விழ வழி இருக்கு. மெழுகுல பதிச்ச சதையை முடியை விட மெலிசாச் சீவி, வெதுவெதுப்பான தண்ணித் தொட்டியில மிதக்க விட்டு, அடியில கண்ணாடியைக் குடுத்து ஏந்தி எடுக்கிறதுதான் இங்க வேலை. ஒருத்தரோடதை ஏந்தினதும் தண்ணி மேல ஒரு காகிதத்தை இழுத்து வழிச்சுட்டுத்தான் அடுத்தவரோடதை விடணும். வழிக்க மறந்தா முன்னால வந்தவரோட துணுக்கு அங்கயே மிதந்துக்கிட்டிருந்து, அடுத்தவர் கண்ணாடியில ஏறி உக்காந்துக்கும். பஸ்ஸுல பை மாறிப் போற மாதிரி, ஒருத்தர் புத்து இன்னொருத்தர் பேருல போயிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பரீட்சையில பக்கம் பக்கமா எழுதியிருக்கேனே, நேத்து எங்கடி போச்சு அந்தப் படிப்பு? ஸ்கேன்ல கட்டி பளிச்சுன்னு தெரிஞ்சுது, சர்ஜன் புத்தா இருக்கும்னு சந்தேகப்பட்டு எழுதியிருந்தார், நானும் புத்தைத் தேடினேன், தேடினது கிடைச்சுது, கிடைச்சதும் தேடுறதை நிறுத்திட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சொல்லிப் பார்த்தா எவ்வளவு சின்னதா இருக்கு.

"அங்கை, எனக்கு ஆமாவா இல்லையான்னு சொன்னாப் போதும்மா, நேத்து ஆமான்ன, இன்னிக்கு என்ன?"ன்னு காலையில போன்ல கேட்டார் சர்ஜன் அருமைநாயகம். தெரியல சார், திரும்ப வெட்டச் சொல்லியிருக்கேன்னேன். "தெரியலங்கிறதுக்கு நான் எந்தக் கத்தியம்மா எடுக்கிறது?" கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும், பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், மதுரைக்காரிக்கு அது என்ன கஷ்டமா. அவர் பெருமூச்சு மட்டும் விட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன், அதுக்கு மேல தியேட்டரை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க, அந்த வீட்டம்மா நேத்துலேர்ந்து வார்டு வாசல்லயே உக்காந்திருக்கு, அதுகிட்ட நான் என்னத்தச் சொல்லன்னார். கடைசியில சொன்னதுதான் மண்டைக்குள்ள கிடந்து சுத்துது. வீட்டம்மா. எனக்கு அந்த ஆளு ஒரு நம்பர், ஒரு ஊதாச் சாயம் போட்ட சதை, அவ்வளவுதானே இருந்தார், இப்ப ஒரு வீட்டம்மா வந்து உக்காந்துட்டாங்க. இதுக்கு நடுவுல ஸ்லைடு வெட்டுற பொன்னுசாமி அண்ணன் வேற மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். "ஏனுங் மேடம், என்ற தொட்டியில அழுக்குன்னு சொல்றீங்களா?" அழுக்குன்னு சொல்லலண்ணே, துணுக்குன்னு சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்களே." ஐயோ, இவரை வேற சமாதானப்படுத்தணுமான்னு இருந்துச்சு. இருந்தாலும் தண்ணியை மாத்தி, பிளேடை மாத்தி, மறுபடி அந்த மெழுகுலேர்ந்து சீவிக் குடுத்தார், குடுக்கும்போது என் மூஞ்சியைப் பார்க்கல. பார்க்காட்டி போகட்டும். கொத்து இல்ல. அதுதான் இப்ப கணக்கு.

ஆனா இல்லைங்கிறது ஒரு பதிலா? இதோ ஆரம்பிச்சுட்டேன். இருந்தது ஊசிமுனை அளவு, நேத்து சீவினதோடயே அது தீர்ந்து போயிருந்தா? கறிவேப்பிலை ஒரே ஒரு இலைதான் கிடந்துச்சு, அது முதல் கரண்டியிலயே வந்துடுச்சுன்னா, ரெண்டாவது கரண்டியைப் பார்த்துட்டு இந்தக் குழம்புல கறிவேப்பிலையே போடலன்னு சொல்ல முடியுமா? முடியாது. அதனாலதான் நேத்து அந்தத் தொட்டியில இவருக்கு முன்னால யாரோட சதை மிதந்துச்சுன்னு கேட்டு, அந்த ஸ்லைடையும் எடுத்து வெச்சுப் பார்த்தேன். ஒரு அம்மா, எனக்கு முன்னாடியே தெரிஞ்ச கேஸ்தான், போன வாரம் கட்டியை முழுசா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தம்னு மேடமும் நானும் சேர்ந்து எழுதினோம், வேற ஒரு சாயம் போட்டுப் பார்க்க நேத்து அவங்க மெழுகைத் திரும்பச் சீவியிருக்காங்க. அதே ஊதா, அதே பெருத்த உட்கரு, அதே மாதிரி வட்டம் கட்டி நிக்கிற தினுசு. உன்னோடதாம்மா இதுன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். அப்ப வந்த சந்தோஷத்துக்கு உடனே என்னை நானே ஒரு அறை அறையணும் போல இருந்துச்சு. இங்க இல்லைன்னு நான் குதிக்கிறது அங்க இருக்குங்கிறதால. அந்தம்மாவுக்கும் ஒரு வீடு இருக்கும், வாசல்ல உக்காந்திருந்த யாராவது இருப்பாங்க. எடுத்தாச்சு, முழுசா எடுத்தாச்சு, அவங்க நல்லாத்தான் இருப்பாங்க, நல்லா இருக்கணும். சரி, அப்ப இந்த ஆளுக்கு என்னதான் கட்டி? ஸ்கேன்ல தெரிஞ்சது பொய்யா? புது ஸ்லைடுல ஆழத்துல ஒண்ணு தெரியுது, நேத்து அதோட விளிம்பு மட்டும்தான் வந்திருந்துச்சு. செல்கள் உருண்டை உருண்டையாக் கூடி நிக்குது, நடுவுல திரிஞ்ச பால் மாதிரி செத்துப்போன இடம். காசநோய் இப்படித்தான் இருக்கும். இருக்கும்தான், ஆனா இப்படி இருக்கிறதெல்லாம் காசநோய் இல்ல. கிருமியைக் காட்டுன்னு கேப்பார் அருமைநாயகம், கேக்கணும். அதுக்குத்தான் கிருமியைச் சிவப்பாக் காட்டுற சாயத்தைப் போட்டுக்கிட்டிருக்காங்க. ஒருத்தருக்குக் காசநோய் இருக்கணுமேன்னு வேண்டிக்கிற டாக்டர் ஊர் உலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன்.

கழுத்து வலிக்குது. ஏசி வேற எலும்பு வரைக்கும் இறங்குது. சாயம் ஏறட்டும், அதுக்குள்ள பழைய ஸ்லைடையே சும்மா பார்த்துக்கிட்டிருப்போம், கையைச் சும்மா வெச்சிருந்தா பைத்தியம் பிடிச்சிடும். நல்லா இருக்கிற நுரையீரல் எப்படி இருக்கும்னு என் மக கேட்டப்ப ரவா தோசை மாதிரி இருக்கும்னு சொன்னேன், ஓட்டை ஓட்டையா, ஓரம் மெலிசா. அன்னிக்கு ராத்திரி அவ ரவா தோசை சாப்பிட மாட்டேன்னு அழுதா, எங்க வீட்டுக்காரர் கதிரேசன் என்னைத் திட்டினார், பிள்ளைகிட்டப் பேசுற பேச்சாடி இதுன்னு. இந்த ஆளோட ரவா தோசையில அங்கங்க கறுப்புப் புள்ளி. புகைன்னும் சொல்லலாம், ரோட்டுத் தூசின்னும் சொல்லலாம். பல்லடம் பக்கம்னு எழுதியிருக்கு, மில்லுல வேலை பார்த்திருப்பாரோ, லாரி ஓட்டியிருப்பாரோ. இவர் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, கறுப்பா சிவப்பா தெரியாது, ஆனா மூச்சு போய்வர்ற கடைசிச் சந்துபொந்து வரைக்கும் தெரியும். எங்க தெருவுல என்னை டாக்டர்னே யாரும் நம்ப மாட்டாங்க. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுவியான்னு கேட்டா இல்லம்பேன், ஊசி போடுவியான்னா அதுவும் இல்ல, அப்ப பொணம் அறுக்கிற டாக்டரான்னு எதிர்வீட்டு ராக்காயி அத்தை கேட்டுச்சு, அம்மாவுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. உசுரோட இருக்கிறவங்க சதையைத்தான் பார்க்கிறேன் அத்தைன்னா, அதுக்கு நீ எதுக்குத்தா, கசாப்புக்கடைக்காரன் பார்க்க மாட்டானான்னு கேக்குது. சிரிச்சுட்டு வந்துட்டேன். இப்பவும் சிரிப்பு வருது. கண்ணுல தண்ணியும் வருது, ரெண்டும் ஒண்ணா வந்து தொலைக்குது. காலையில மட்டும் நான் வந்து பார்க்கலன்னா இந்நேரம் நெஞ்சைத் திறந்திருப்பாங்க. எடுத்த பாகம் எங்கிட்டயேதான் வந்திருக்கும், பக்கெட்டுல. துண்டு துண்டாப் போட்டுத் தேடியிருப்பேன், புத்து எங்கேயும் இருந்திருக்காது. திருப்பி வெச்சுத் தைக்க முடியுமா? வேண்டாம், அதை நினைக்காத. நடக்கல. நடக்காததுக்கு எதுக்கு இப்ப அழுவுற. நடக்கல இல்ல, நல்ல வேளை, நல்ல வேளைடி, நடக்கல.

வந்துடுச்சு. பொன்னுசாமி அண்ணன் ஸ்லைடை மேசையில வெச்சுட்டுப் போறார். ஒரு சொட்டு எண்ணெய் வெச்சு, பெரிய லென்ஸைத் திருப்பி இறக்கறேன். முழுக்க வெளிர்நீலம். இதுல சிவப்பாக் குச்சி மாதிரி ஒண்ணு கிடக்கணும். அரிசியில கல்லு பொறுக்குற மாதிரிதான், வரிசை வரிசையாப் போகணும், தாவக் கூடாது, இங்கதான் இருக்கும்னு மனசு சொல்ற பக்கம் போகக் கூடாது, நேத்து அப்படித்தான் போனேன். முதல் வரிசை ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஒண்ணுமில்ல. சிவப்பா ஒண்ணு, ஐயோ, இல்ல, சாயக் கட்டி. போன் அதிருது, அருமைநாயகம் சார்தான், அதிரட்டும், எடுத்தா என்னத்தச் சொல்ல. திரிஞ்ச பால் இடம் வந்தாச்சு. நீலம், நீலம், நீலம். அடுத்து. நீலம். நில்லு. பின்னால போ. பையப் போ. சிவப்பு. மெலிசா, லேசா வளைஞ்சு, பக்கத்துலயே இன்னொண்ணு, ரெண்டும் குறுக்கால கிடக்கு. வாடா என் தங்கம், வாடா என் ராசா, ஆயிரம் வருஷமா ஊரை அழிக்கிற பாவி, உன்னைப் பார்த்து நான் இப்படிக் கொஞ்சுறேனே! கொஞ்சாத. மட்டத்தைப் பாரு. இதுவும் தண்ணியில மிதந்து வந்திருந்தா? தண்ணியிலயும் இந்த ஜாதிக் கிருமி இருக்கும், எழுதியிருக்கேன் அதையும் பரீட்சையில. திருகாணியைத் திருப்பறேன். சதை தெளிவா இருக்கிறப்ப குச்சியும் தெளிவா இருக்கு, சதை மங்கினா அதுவும் சேர்ந்து மங்குது. ஒரே மட்டம். உள்ள இருக்கு. இவரோடதுதான். இன்னும் தேடு, கிடைச்சதும் நிறுத்தாத. இதோ இன்னொண்ணு. இதோ ஒரு செல்லுக்குள்ளயே ஒண்ணு.

சொல்லிடலாமா? முடியாது, ரெண்டாவது கண்ணு பார்க்கணும், பார்க்கிறவங்ககிட்ட முன்னாடியே எதுவும் சொல்லக் கூடாது, அதுதான் இந்த டிபார்ட்மென்ட்ல வழக்கம். என்கூடப் படிக்கிற ரெஜினா பக்கத்து ரூம்ல இருக்கா, நாகர்கோயில்காரி, ஸ்லைடை நீட்டினதுமே "ஒண்ணும் சொல்லப்பிடாது, கேட்டியா, வாய மூடிட்டுத் தா"ன்னு வாங்கிக்கிட்டா. நேத்து இவளும் லீவு. இருந்திருந்தா நேத்தே இவகிட்டக் குடுத்திருப்பேன், இவ கண்டுபிடிச்சிருப்பா, ஒரு குடும்பம் ஒரு ராத்திரி தப்பிச்சிருக்கும். சரி, விடு. நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு அவ கையை மட்டும் பார்க்கறேன். ஸ்லைடை நகர்த்துற கை. போகுது, போகுது, நிக்காமப் போகுது. என்னடி, தாண்டிப் போயிட்டியா? அங்கதானே இருந்துச்சு. நான் பார்த்தது நிஜமா, ஆசையில தெரிஞ்சுதா? பேயைப் பார்க்கணும்னு போனவனுக்குப் புளியமரம் எல்லாம் பேயாத்தான் தெரியும். நேத்தும் நிஜம்னுதானே நினைச்சேன். கை போகுது. நின்னுச்சு. பின்னால வருது. ரெஜினா நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு உக்கார்றா. "எட்டி, இது டீபியாக்கும்!" "நிஜமாவா?" "பின்ன பொய்யா சொல்லுகேன்? இங்கன ஒண்ணு, அங்கன ரெண்டு. நல்ல உள்ளோட்டுக் கெடக்கு." அவ தோளைப் பிடிச்சு உலுக்கிட்டேன். எதுக்குட்டி அழுகன்னு கேக்கறா. நான் எங்க அழறேன். கல்லு எந்திரிச்சுப் போயிடுச்சு, அந்த இடம் காலியா இருக்கு, அவ்வளவுதான்.

"சார், புத்து இல்ல. நேத்துப் பார்த்தது வேற ஒருத்தரோட துணுக்கு, தொட்டியிலேர்ந்து ஏறியிருக்கு. இவருக்கு டீபி. கிருமியே பார்த்தாச்சு, ரெஜினாவும் பார்த்துட்டா." போன்ல அந்தப் பக்கம் அருமைநாயகம் சார் சிரிச்சார், அவர் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. "அப்ப எனக்கு மத்தியானம் வேலை இல்லைங்கற. சந்தோஷம்மா. இரு." பக்கத்துல யார்கிட்டயோ புத்து இல்லைன்னு அவர் சொல்றது கேக்குது. "அந்த வீட்டம்மாதான், சொன்னேன், நம்ப மாட்டேங்கிறாங்க, நீயே சொல்லு." சார், நானான்னு கேக்கறதுக்குள்ள போன் கை மாறிடுச்சு. நாங்க யாரும் நோயாளி வீட்டுல பேசறதே இல்ல. ஸ்லைடு வரும், எழுதுவோம், கீழயே இருப்போம். "அலோ, டாக்டருங்களா? புத்து இல்லீன்னு இவரு சொல்றாருங்க. நெசந்தானுங்களா? சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, எனக்கு நம்பிக்கையே வர மாட்டீங்குது." நிஜம்தாங்கம்மா, அறுக்க வேண்டாம், டீபி இருக்கு, மாத்திரை சாப்பிட்டாச் சரியாயிடும், விடாம சாப்பிடணும், டாக்டர் எல்லாம் விவரமாச் சொல்லுவார். "நேத்து இருக்குதுன்னு சொன்னாங்களே." பேசாம விட்டுடலாம், அவங்களுக்கு என்னைத் தெரியாது, நாளைக்குப் பார்க்கப்போறதும் இல்ல. "நேத்து அப்படி எழுதினதும் நான்தாங்க. தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கங்க." திட்டட்டும். திட்டணும். நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். "ராத்திரி பூராம் ரெண்டு பேரும் தூங்கற மாதிரியே நடிச்சமுங்க. அவரு எனக்காக, நா அவருக்காக"ன்னு சொல்லிட்டு அந்தம்மா மூக்கை உறிஞ்சினாங்க. "போச்சாது, போவட்டும் உடுங்க. ஏனுங் டாக்டரு, ஒண்ணு கேக்கட்டுங்களா?" கேளுங்கம்மா. "நேத்து ராத்திரியில இருந்து அவரு பல்லுல பச்சத்தண்ணி படலீங்க, ஆபரேசன்னு பட்டினி போட்டாங்க. இப்ப அவருக்குச் சோறு போடலாமுங்களா?" இத்தனை வருஷப் படிப்புல யாரும் எங்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. "போடுங்கம்மா. வயிறு நிறையப் போடுங்க." போனை வைக்காமலே அந்தம்மா திரும்பிக் கத்தறாங்க, ஏனுங்க, எந்திரிங்க, சாப்படலாமாமா, எந்திரிங்கன்னு. ஏதோ மூடி திறக்கிற சத்தம், அருமைநாயகம் சார் அம்மா என் போனு என் போனுங்கிறார், அதையெல்லாம் தாண்டி ஒரு ஆம்பளைக் குரல், கரகரன்னு, நான் ரெண்டு நாளா உள்ள போய்ப் போய் வந்த நுரையீரல்லேர்ந்து வர்ற குரல், "கொழம்பு வேண்டாம் புள்ள, ரசம் ஊத்து" அப்படின்னுது.